நீலகிரி: குறைந்துபோன 26,747 பேர்

2001-க்கும் 2011-க்கும் இடையில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 15.6 சதவீதம் கூடியது. அப்போதிருந்த 32 மாவட்டங்களில் ஒன்றே ஒன்றில்தான் எண்ணிக்கை இறங்கியது. 2001-ல் 7,62,141 பேர் வாழ்ந்த நீலகிரியில் 2011-ல் 7,35,394 பேரே இருந்தார்கள். குறைவு 26,747 பேர், சதவீதத்தில் 3.51. பஞ்சமோ கொள்ளைநோயோ கலவரமோ இல்லாத பத்தாண்டு அது.

அதே கணக்கெடுப்பின் மற்ற பக்கங்களைப் புரட்டினால் நீலகிரிக்கு நல்ல மதிப்பெண்களே கிடைக்கின்றன. ஆயிரம் ஆண்களுக்கு 1,042 பெண்கள். மாநிலச் சராசரி 996. எழுத்தறிவு 85.2 சதவீதம், மாநிலம் 80.1. நகர்ப்புற மக்கள் 59.24 சதவீதம், மாநிலம் 48.4. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 287 பேர், மாநிலம் 555. மேலோட்டமாகப் படிப்பவருக்கு இது படித்த, நெரிசலற்ற, நகரமயமான, பெண்கள் பாதுகாப்பாக வாழும் மலை மாவட்டம்.

முதல் பத்தியின் எண்ணையும் இரண்டாம் பத்தியின் எண்களையும் தனித்தனியாகப் படிப்பதுதான் வழக்கம். சேர்த்துப் படித்தால் வேறு சித்திரம் எழுகிறது. பெருமைக்குரியவையாகத் தோன்றும் எண்களில் சில, பிழைப்பு தேடி மலையிறங்கியவர்கள் விட்டுச்சென்ற இடைவெளியால் உருவானவை. வேறு சில, மக்களை எந்தப் பெட்டியில் போட்டு எண்ணுகிறோம் என்பதால் உருவானவை. இரண்டையும் பிரித்தெடுக்காமல் நீலகிரியின் வாழ்நிலை பற்றி எதுவும் சொல்ல முடியாது.

ஏறிய மலை

இறங்குவதற்கு முன் நீலகிரி நெடுங்காலம் மக்களை ஈர்த்துக்கொண்டே இருந்தது. 1819-ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறிய பிறகு காபி, தேயிலை, சின்கோனா தோட்டங்கள் வந்தன. படைமுகாமும் கோடைவாசஸ்தலமும் வந்தன. 1877-ல் மலபாரைச் சேர்ந்த தென்கிழக்கு வயநாடு, அதாவது இன்றைய கூடலூர், பந்தலூர்ப் பகுதி, இம்மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. 1901-ல் மக்கள்தொகை ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தது. 1951-ல் அது 3,11,729.

அடுத்த முப்பதாண்டுகள் இந்த மாவட்டத்தைத் திருப்பிப் போட்டன. 1961-ல் 4,09,308, 1971-ல் 4,94,015, 1981-ல் 6,30,169. ஐம்பதுகளின் 31 சதவீத வளர்ச்சிக்குப் பின்னால், கனடாவின் உதவியோடு கட்டப்பட்ட குந்தா நீர்மின் திட்டம் இருக்கிறது. கேரளத்திலிருந்து கூடலூர்ப் பக்கம் குடியேறிய விவசாயிகள் இருக்கிறார்கள். 1960-ல் மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் ஊட்டியில் அமைந்தது. அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இயங்கிவந்தது.

எழுபதுகளின் கதை தனி. அந்தப் பத்தாண்டில் தமிழ்நாடு 17.5 சதவீதம் வளர்ந்தபோது நீலகிரி 27.6 சதவீதம் வளர்ந்தது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தம், இலங்கை மலையகத்தின் இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 ஒப்பந்தம் பாதிப்பாதியாகப் பிரித்தது. தாயகம் திரும்பியோர் என்று அரசுக் கோப்புகளும், சிலோன்காரர்கள் என்று ஊரும் அழைத்த இந்த மக்களுக்கு வேலை தருவதற்காகவே 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. பின்னர் அது டான்டீ என்ற கழகமானது. தோட்டத்தில் இடம் கிடைக்காதவர்கள் கோத்தகிரி, கேத்தி, கூடலூர் வட்டாரங்களில் காய்கறித் தோட்டங்களிலும் சிறு தேயிலைத் தோட்டங்களிலும் தினக்கூலிகளாகத் தங்கினார்கள்.

வளர்ச்சி தேய்ந்த வரிசை

27.6, 12.7, 7.3, பிறகு மைனஸ் 3.5. 1971 முதல் 2011 வரையிலான நான்கு பத்தாண்டுகளின் வளர்ச்சி வீதங்கள் இவை. எண்பதுகளிலேயே நீலகிரி, மாநிலத்தின் வேகமான 15.4 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது. ஆகவே 2011-ல் வெளிப்பட்ட குறைவு திடீர் விபத்தன்று. முப்பதாண்டுகளாக ஆள்சேர்ப்பு நின்று, ஆள்கழிவு தொடங்கியதன் முடிவு.

காரணங்களில் முதன்மையானது, மலையின் பொருளாதாரம் ஒற்றைப் பயிரின் விலையில் தொங்கியது. நீலகிரியின் சிறு விவசாயி ஒருகாலத்தில் உருளைக்கிழங்கை நம்பியிருந்தார். கிழங்கின் வேரைத் தாக்கும் நூற்புழு 1961-ல் இங்கே கண்டறியப்பட்டது. மகசூல் குறைந்து மருந்துச் செலவு ஏற, நிலங்கள் மெல்ல மெல்லத் தேயிலைக்கு மாறின. நட்டுவிட்டால் ஆண்டு முழுவதும் பறிக்கலாம், வாரந்தோறும் கையில் காசு வரும் என்பதால் எண்பதுகளில் இந்த மாற்றம் வேகம் பிடித்தது. தென்னிந்தியத் தேயிலையின் பெரிய வாடிக்கையாளரான சோவியத் ஒன்றியம் 1991-ல் கலைந்தது. தொண்ணூறுகளின் இறுதியில் பசுந்தேயிலை விலை சரிந்தபோது, மாற்றுப் பயிர் கைவசம் இல்லாத பல்லாயிரம் குடும்பங்களின் வருமானம் ஒரேயடியாகச் சரிந்தது. 2000-த்தில் விலை கேட்டு மலையெங்கும் போராட்டங்கள் நடந்தன. அதே காலத்தில் போட்டோ பிலிம்ஸ் நிறுவனமும் நலிவுற்றது. டிஜிட்டல் கேமரா வந்தபின் மீளவே இல்லை. மலையில் நிரந்தரச் சம்பளம் தந்த பெரிய கதவு ஒன்று மூடியது. கீழே கோவையும் திருப்பூரும் ஆள் தேடிக்கொண்டிருந்தன.

நீலகிரியின் தனிக்குறையா இது? 2011-ல் கேரளத்தின் இடுக்கியும் 1.8 சதவீதம் குறைந்தது. தேயிலையும் ஏலமும் விளையும் அந்த மாவட்டம் மேற்குத் தொடர்ச்சி மலையின் இன்னொரு கண்ணி. தோட்டப்பயிர் விலையோடு கட்டுண்ட மலைகளின் பொதுவிதி என்று இதைக் கொள்ள இடமிருக்கிறது.

உண்மையில் போனவர்கள் எத்தனை பேர்?

26,747 என்பது வெளியேறியவர்களின் எண்ணிக்கை ஆகாது. பத்தாண்டில் குழந்தைகள் பிறந்திருக்கிறார்கள், முதியோர் இறந்திருக்கிறார்கள். பிறப்பு இறப்பைவிட அதிகமாக இருந்தும் மொத்தம் குறைந்திருக்கிறது என்றால், போனவர்களின் தொகை இதைவிடப் பெரியதாக இருந்தாக வேண்டும். எவ்வளவு பெரியது என்பதைக் கணக்கெடுப்பின் எண்களைக் கொண்டே தோராயமாகப் போட்டுப்பார்க்கலாம்.

2011-ல் மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான குழந்தைகள் 66,799 பேர். ஏழு வயதுத் தொகுதிகளுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்குச் சுமார் 9,500 குழந்தைகள். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டின் இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு ஏழரை அளவில் இருந்தது. ஏழரை லட்சம் பேருக்கு அதைப் பொருத்தினால் ஆண்டுக்குச் சுமார் 5,600 மரணங்கள். ஆக, ஆண்டுக்கு 3,900 பேர் வீதம் பத்தாண்டில் 39,000 பேர் கூடியிருக்க வேண்டும். கூடவேண்டிய 39,000, குறைந்த 26,747 இரண்டையும் சேர்த்தால் 65,000-த்தைத் தாண்டுகிறது. வந்தவர்களைக் கழித்த நிகர வெளியேற்றம் இது.

மாவட்ட இறப்பு விகிதம் மாநிலத்தோடு சற்று வேறுபடலாம், வெளியேறிய குடும்பங்கள் குழந்தைகளையும் கூட்டிப்போயிருக்கலாம் என்பதால் சில ஆயிரம் முன்னே பின்னே ஆகும். பரிமாணம் மாறாது: 2001-ல் இருந்தவர்களில் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்ற அளவில் மலை ஆட்களை இழந்தது. ஊட்டி நகராட்சியின் 2011 மக்கள்தொகை 88,430. அதில் முக்கால் பங்கு ஆட்கள் பத்தாண்டில் மலையிறங்கியதற்கு இது சமம்.

போனவர்களின் வயதையும் இதே எண்கள் காட்டிக்கொடுக்கின்றன. ஆறு வயது வரையிலான குழந்தைகள் நீலகிரியில் 9.1 சதவீதம், மாநிலத்தில் 10.3 சதவீதம். மாவட்டத்தின் 1,97,653 குடும்பங்களில் சராசரியாக 3.7 பேர், மாநிலத்தில் 3.9. பிள்ளை பெறும் வயதில் உள்ளவர்கள் போன ஊரில் குடும்பம் சிறுக்கும், குழந்தைகள் குறைவார்கள்.

1,042 என்ற எண்

நீலகிரியின் பாலின விகிதத்தை அதிகாரிகளும் பத்திரிகைகளும் பாராட்டிப் பேசுவதுண்டு. அந்த எண்ணை அவிழ்த்துப் பார்ப்போம். 2001-ல் ஆண்கள் 3,78,351, பெண்கள் 3,83,790. 2011-ல் ஆண்கள் 3,60,143, பெண்கள் 3,75,251. பத்தாண்டில் ஆண்கள் 18,208 பேரும் பெண்கள் 8,539 பேரும் குறைந்திருக்கிறார்கள். ஒரு பெண் குறைந்த இடத்தில் இரண்டு ஆண்களுக்கு மேல் குறைந்திருக்கிறார்கள். விகிதம் 1,014-லிருந்து 1,042 ஆனது பெண்கள் பெருகியதால் நடந்ததல்ல. பெண்களும் குறைந்தார்கள், ஆண்கள் இன்னும் வேகமாகக் குறைந்தார்கள்.

இதன் இயக்கம் எஸ்டேட்டின் வேலைப் பிரிவினையில் இருக்கிறது. கொழுந்து பறிப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. கவாத்து, மருந்தடிப்பு, தொழிற்சாலை, லோடு ஏற்றுதல் ஆண்களுடையவை. முதலில் சுருங்கியவையும் இவைதான். இதோடு வீட்டுப் பிரச்சினை பின்னிக்கிடக்கிறது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடும் மருத்துவமும் பிள்ளைக் காப்பகமும் தருவதை நிர்வாகத்தின் கடமையாக்கியது. ஆனால் லைன் வீடு எனப்படும் அந்தத் தோட்டக் குடியிருப்பு வேலையோடு ஒட்டியது. வீட்டில் ஒருவர் பெயராவது செக்ரோல் எனப்படும் தொழிலாளர் பதிவேட்டில் இருந்தால்தான் அந்த வீட்டில் இருக்கலாம். ஓய்வுபெற்றால் காலிசெய்ய வேண்டும். எனவே கணவன் திருப்பூருக்கும் மகன் கோவைக்கும் போக, மனைவி பெயரை விடாமல் வைத்துக்கொண்டு கொழுந்து பறிக்கிறாள். ஓய்வுக்குப் பின் அவளுக்கும் மலையில் சொந்தமாகக் கூரை இல்லை என்றால் மகன் இருக்கும் ஊரே கதி. ஆண்கள் முதலில் போவதும் குடும்பம் பின்னால் போவதும் இந்த ஏற்பாட்டின் தர்க்கம்.

பாராட்ட வேண்டிய எண் ஒன்று உண்டு. அது வேறு வரிசையில் இருக்கிறது. ஆறு வயது வரையிலான குழந்தைகளில் ஆண் 33,648, பெண் 33,151. ஆயிரம் ஆண் குழந்தைக்கு 985 பெண் குழந்தை, மாநிலத்தில் 943. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க நேர்ந்த மாநிலத்தில், இந்த 985 கவனத்துக்குரியது. குழந்தைகள் வேலை தேடிப் போவதில்லை. ஆகவே இந்த விகிதத்தில் வெளியேற்றத்தின் சாயல் குறைவு. 985 சமூகத்தின் குணத்தைச் சொல்கிறது, 1,042 பொருளாதாரத்தின் நிலையைச் சொல்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழைத்துப் பெருமைப்படுவது பிழை.

தேயிலை விவசாயி எந்தப் பெட்டியில்?

2011-ல் நீலகிரியில் வேலை செய்பவர்கள் 3,49,974 பேர். முழுநேர, பகுதிநேர வேலைகளைச் சேர்த்தால் விவசாயக் கூலிகள் 78,877 பேர், சாகுபடியாளர்கள் 17,954 பேர், குடிசைத் தொழிலில் 3,799 பேர். மீதி 2,49,344 பேர், அதாவது 71 சதவீதம், ‘இதர பணியாளர்கள்’. இந்த அட்டவணையை மட்டும் படிக்கும் வெளியூர் ஆய்வாளர், நீலகிரி வேளாண்மையைக் கடந்துவிட்ட, சேவைத் துறை மிகுந்த மாவட்டம் என்று எழுதிவிடுவார்.

விளக்கம் கணக்கெடுப்பின் வரையறைக் குறிப்பில் இருக்கிறது. நெல், சிறுதானியம், கரும்பு, காய்கறி, பழம், ஏன், சின்கோனா வளர்ப்பதுகூட சாகுபடிதான். தேயிலை, காபி, ரப்பர், தென்னை, பாக்கு ஆகியவை சாகுபடியில் சேராது. கேரட் போட்டவர் சாகுபடியாளர். வரப்புக்கு அந்தப் பக்கம் அரை ஏக்கரில் தேயிலை வைத்திருப்பவர் இதர பணியாளர். எஸ்டேட் தொழிலாளியும் இதர பணியாளர்தான். அவரோடு ஊட்டியின் ஓட்டல் மேலாளர், வெலிங்டன் ராணுவப் பயிற்சிக் கல்லூரியின் ஊழியர், பள்ளி ஆசிரியர், டாக்சி ஓட்டுநர் எல்லோரும் ஒரே பெட்டியில்.

இது வெறும் வகைப்பாட்டுக் குளறுபடி என்று விட்டுவிட முடியாது. மாவட்டத்தின் பெரிய தொழில் முதன்மை அட்டவணையில் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. பசுந்தேயிலை விலை விழும்போது எத்தனை வீடுகளில் அடுப்பு பாதிக்கப்படும் என்ற கேள்விக்கு அந்த அட்டவணையில் பதில் கிடையாது. தேயிலை வாரியத்தின் பதிவேட்டில் நிலம் வைத்திருப்பவர் இருக்கிறார். கூலிக்குப் பறிப்பவர் இல்லை. சிறு தோட்டங்களின் தினக்கூலிகள் பெரிய எஸ்டேட்டுக்கான சட்டத்தின் வீட்டு உரிமையும் இல்லாதவர்கள்.

சுருங்கும் நகரம், போலி விசாலம்

59 சதவீதம் நகர்ப்புறம் என்ற எண்ணுக்கும் இதே கதிதான். 2011-ல் மாவட்டத்தில் நான்கு நகராட்சிகளும் பதினோரு பேரூராட்சிகளும் இருந்தன. பேரூராட்சி என்று அறிவித்துவிட்டால் கணக்கெடுப்புக்கு அது நகரம். ஓவேலி நகரம், தேவர்சோலை நகரம், நடுவட்டம் நகரம். தேயிலைச் சரிவும் லைன் வீடுகளும் சோலைக்காடும் யானை நடமாட்டமும் உள்ள இடங்கள் இவை. நகரத்தார் என்று பதிவான பலர், பேருந்துக்காக மைல் கணக்கில் நடப்பவர்கள்.

நிஜ நகரங்கள் என்ன ஆயின? 2001-ல் 93,987 பேர் இருந்த ஊட்டி 88,430-க்கு இறங்கியது. குன்னூர் 50,196-லிருந்து 45,494-க்கு, அதாவது 9 சதவீதத்துக்கு மேல், சரிந்தது. நகர்ப்புற விகிதத்தைப் பார்த்து நகரமயமாதல் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாவட்டத்தின் இரு பெரிய பழைய நகரங்கள் சுருங்கிக்கொண்டிருந்தன.

287 என்ற அடர்த்தி எண்ணும் இப்படித்தான். 2,565 சதுர கிலோமீட்டர் பரப்பில் பாதிக்கு மேல் காடு. காட்டைக் கழித்து, மனிதர் குடியிருக்கவும் பயிர்செய்யவும் கூடிய நிலத்துக்கு மட்டும் கணக்கிட்டால் அடர்த்தி இரு மடங்கைத் தாண்டி, மாநிலச் சராசரியான 555-ஐ விஞ்சிவிடும். மிச்ச நிலத்தின் பெரும்பகுதி தோட்டங்களின் கையில். வீடு கட்ட இடமில்லாமல் நிலச்சரிவுக்கு இலக்கான சரிவுகளில் குடியிருப்புகள் ஏறுவதற்குக் காரணம் இதில் இருக்கிறது.

நிலம் யாருடையது என்பதே முடிவாகாத பகுதியும் உண்டு. நிலம்பூர்க் கோவிலகத்தின் ஜென்ம நிலங்கள் எனப்படும் பரம்பரை நிலவுடைமையை ஒழிக்க 1969-ல் கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதன் 17-ஆவது பிரிவில் வரும் நிலங்களின் உரிமை வழக்கிலும் அரசாணையிலும் இழுபட்டுக்கொண்டே வந்திருக்கிறது. அங்கே ‘செக்சன் 17’ என்றால் பட்டா இல்லை என்று பொருள். பட்டா இல்லாவிட்டால் மின் இணைப்பு கிடைப்பது பெரும்பாடு. மாவட்டத்தின் மின் வசதிச் சதவீதத்தில் இன்னும் சேராத வீடுகள் சோம்பலால் சேராதவை அல்ல. நில வழக்கால் சேராதவை.

சராசரிக்குள் யார் யார்?

பட்டியல் சாதியினர் 32.08 சதவீதம், மாநிலத்தில் 20. இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்களில் பெரும்பான்மையினர் பட்டியல் சாதியினர் என்பது இந்த உயர்வுக்கு முக்கியக் காரணம். 1964-ல் கொழும்பும் டெல்லியும் போட்ட கையெழுத்து 2011-ன் சாதி அட்டவணையில் இப்படிப் பதிந்திருக்கிறது. நீலகிரியின் விவசாயச் சமூகமான படகர்களின் நிலை வேறு. பழங்குடிப் பட்டியலில் சேர்க்கக் கோரிவரும் அவர்கள் அதில் இல்லை. அவர்கள் பேசும் படக மொழி, 1,30,000-க்கும் மேற்பட்டோரின் தாய்மொழியாகப் பதிவாகியும், கன்னடத்தின் கீழ்த் தொகுக்கப்படுகிறது.

பழங்குடியினர் 32,813 பேர், 4.46 சதவீதம். தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்றவையாக அறிவிக்கப்பட்ட ஆறு பழங்குடிகளான தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய அனைவரும் இங்கே வாழ்கிறார்கள். இந்த 4.46-க்குள்ளும் இரு துருவங்கள் உண்டு. தோடர்கள் எண்ணிக்கையில் மிகச் சிறியவர்களாயினும் உலக மானிடவியலில் அதிகம் எழுதப்பட்டவர்கள். டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906-ல் வெளியிட்ட நூலுக்காக அவர்களின் வம்சாவளிகளைக் குடும்பம் குடும்பமாகப் பதிவுசெய்து 736 பேரைக் கணக்கிட்டார். அழிந்துவிடுவார்கள் என்று பலரும் எழுதிய அந்தச் சமூகம் இன்று ஏறத்தாழ 2,000 பேராக நிற்கிறது. மறுபக்கம் பந்தலூர், கூடலூரின் பணியர்கள். தலைமுறைகளாக நிலவுடைமையாளர்களிடம் கொத்தடிமைகளாக இருந்தவர்கள். பழங்குடியினரிடையே அரிவாள் செல் ரத்தசோகை பரவலாக இருப்பதைக் கண்டறிந்து மருத்துவம் செய்துவருவது கூடலூரின் ஆதிவாசி மருத்துவமனை. 2011-ல் மாநிலப் பழங்குடியினரின் எழுத்தறிவே 54 சதவீதம்தான். ஊட்டியின் உறைவிடப் பள்ளிகளும் பணியர் குடிகளும் கூடித்தான் அந்த 85.2 என்ற சராசரி உருவாகிறது.

2027-ல் என்ன பார்ப்பது?

தள்ளிப்போன கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ ஆதார நாளாகக் கொண்டு நடக்கவிருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் மலை மீண்டும் மாறியிருக்கிறது. உள்ளூர்க் கைகள் போன எஸ்டேட்களில் ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் தொழிலாளர்கள் கொழுந்து பறிக்கிறார்கள். ஆள் பற்றாக்குறையாலும் நட்டத்தாலும் தளர்ந்த டான்டீயிடமிருந்து 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பித் தர 2022-ல் அரசு ஆணையிட்டது. அதே ஆண்டு ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது. சுற்றுலா வண்டிகள் பெருகி, 2024 மே 7 முதல் உயர்நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வந்தது. மலையின் தண்ணீரையும் சாலையையும் குப்பைக்கிடங்கையும் பயன்படுத்தும் இந்தக் கூட்டம் எந்த மக்கள்தொகை அட்டவணையிலும் வராது. ஆனால் உள்ளாட்சிக்கான நிதிப் பகிர்வில் மக்கள்தொகைக்கு எடை அதிகம்.

ஆகவே புதிய மொத்தத் தொகை கூடியிருந்தால் மலை மீண்டுவிட்டது என்றோ, குறைந்திருந்தால் மேலும் நலிந்துவிட்டது என்றோ உடனே சொல்லிவிட முடியாது. ஆண், பெண் எண்ணிக்கை தனித்தனியாக எப்படி நகர்ந்தன, ஆறு வயதுக்குட்பட்டோர் எத்தனை பேர், பிறந்த இடம் எது, இதர பணியாளர்களில் தேயிலையை நம்பியிருப்போர் யார் என்ற நான்கு அட்டவணைகளை ஒன்றாக வைத்துப் படித்தாக வேண்டும். அதையும் மாவட்ட அளவில் நிறுத்தாமல் ஆறு வட்டங்களுக்கும் பிரித்துப் படிக்க வேண்டும். சராசரியைப் பார்த்துத் திட்டம் தீட்டினால், எழுத்தறிவு உயர்ந்த மாவட்டம் என்று பணியர் பள்ளிக்கும், நகர்ப்புற மாவட்டம் என்று ஓவேலியின் பேருந்துக்கும், பெண்கள் மிகுந்த மாவட்டம் என்று ஓய்வுபெறப்போகும் கொழுந்துக்காரியின் வீட்டுக்கும் ஒதுக்கீடு குறையும். தேவை அதிகமாக இருக்கும் இடங்களும் இவைதான்.